நடுமடிப்பைப் படிக்க ஒரு பழைய ஸ்கேனர்

வார இதழ்த் தொடர்கதைகளை வாரந்தோறும் தனியே பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து ஒரே தொகுதியாக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தது. நூலாக வந்த பதிப்பில் பல சமயம் விடுபட்டுப்போன ஓவியங்கள், பக்க ஓரத்துத் துணுக்குகள், பின்பக்க விளம்பரங்கள் எல்லாம் இந்தத் தொகுதிகளில் அப்படியே இருக்கின்றன. எங்கள் பாட்டி சேர்த்தவை ஒரு மர அலமாரி நிறைய உண்டு. 1950களின் தாள் பழுப்பேறி, மூலையை மடித்தால் ஒடிந்து கையோடு வருகிறது. இனியும் தள்ளிப்போட்டால் எதுவும் மிஞ்சாது என்று தோன்றியதால் அவற்றை ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். அதற்காக ஒரு பழைய ஸ்கேனரைப் பழுதுபார்த்ததுதான் இந்தப் பதிவின் பெரும்பகுதி.

முதலில் பைண்டிங் பற்றிச் சொல்ல வேண்டும். தனித்தனித் தாள்களாகப் பிரிந்துவிட்ட பக்கங்களுக்கு மடிப்புத் தையல் போட முடியாது. அதனால் பைண்டர் முதுகை ஒட்டி ஓரமாகத் துளையிட்டு, நூல் கோத்து இறுக்கிவிடுவார். உட்புற ஓரத்தில் இருந்த கொஞ்சம் வெற்றிடமும் தையலுக்குள் போய்விடும். தொகுதியைத் திறந்தால் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ பள்ளத்துக்குள் வளைந்து இறங்குகிறது. முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்து, தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தத் தையலும் அட்டையில் பாட்டி எழுதிய தலைப்பும் ஆவணத்தின் பகுதிகள்தான். அதோடு, இவ்வளவு நொறுங்கும் தாளை ரப்பர் உருளைகளுக்கிடையே அனுப்புவது அதைத் தூளாக்குவதற்குச் சமம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மெல்லிய தட்டை ஸ்கேனர் இருந்தது. யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகை. தனித்தாள் வைத்தால் மிக நன்றாக எடுக்கும். தொகுதியை வைத்தபோது பக்கத்தின் பெரும்பகுதி கூர்மையாக வந்தது. நடுமடிப்பை நெருங்கும் இடத்தில் எழுத்து கரைந்து, கடைசிச் சொற்கள் சாம்பல் நிறப் புகையாகிவிட்டன. புத்தகத்தை அழுத்தினால் தெளிவு கொஞ்சம் கூடியது. கூடவே முதுகில் நெறிபடும் ஓசையும் கேட்டது. அதோடு நிறுத்திவிட்டேன்.

காரணம் அந்த ஸ்கேனரின் அமைப்பிலேயே இருக்கிறது. இது சிஐஎஸ் வகை. பக்கத்தின் அகலம் முழுவதற்கும் நீண்ட ஓர் உணரிப்பட்டை கண்ணாடிக்கு நேர்கீழே நகர்கிறது. சிவப்பு, பச்சை, நீல எல்ஈடிகள் மாறி மாறி மின்னுகின்றன. குச்சி போன்ற நுண்வில்லைகளின் வரிசை ஒன்று தாளின் உருவத்தை அதே அளவில் உணரியின் மேல் விழச் செய்கிறது. ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளோ நீண்ட ஒளிப்பாதையோ தேவையில்லை என்பதால் இயந்திரம் மெல்லியதாகவும் மலிவாகவும் அமைகிறது. அதற்குக் கொடுக்கும் விலை, தெளிவு கிடைக்கும் ஆழம் மிகக் குறைந்துபோவது. தாள் கண்ணாடியிலிருந்து சற்றே எழும்பினாலும் உருவம் கலங்கிவிடும்.

பழைய சிசிடி வகையில் நிலைமை வேறு. அங்கே விளக்கொளி தாளில் பட்டு, வரிசையாக வைத்த கண்ணாடிகளில் பலமுறை திரும்பி, நீண்ட பாதை கடந்து, கேமராவில் இருப்பது போன்ற ஒரே வில்லை வழியாகச் சிறிய உணரியை அடைகிறது. பாதை நீளமாகவும் வில்லையின் திறப்பு சிறிதாகவும் இருப்பதால், கண்ணாடிக்கு மேலே கணிசமான உயரம்வரை தெளிவு நீடிக்கும். கடையில் ஸ்கேனர் வாங்கும்போது நமக்குச் சொல்லப்படுவது டிபிஐ எண் மட்டும், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது. பைண்டு செய்த எதையும் ஸ்கேன் செய்பவருக்கு அதைவிட முக்கியமான அளவு இந்த ஆழம். பல பெட்டிகளில் அது அச்சிடப்பட்டே இருப்பதில்லை.

அதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ஓர் எஃகு அளவுகோலின் ஒரு முனையைக் கண்ணாடியில் வைத்து, மறுமுனைக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டையைக் கொடுத்துச் சாய்வாக நிறுத்தி ஸ்கேன் செய்யுங்கள். மில்லிமீட்டர்க் கோடுகள் எந்த இடத்தில் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்குகின்றன என்று பார்த்தால் போதும். என் மெல்லிய ஸ்கேனரில் தொட்டுக்கொண்டிருந்த முனைக்கு அருகிலேயே கலங்கிவிட்டது. நண்பரின் அலுவலகத்தில் ஒதுக்கி வைத்திருந்த கனமான சிசிடி ஸ்கேனர் ஒன்றில், அது இயங்கிய சிறிது நேரத்துக்குள் எடுத்த ஒரே படத்தில், உயர்ந்த முனையில்கூடக் கோடுகளை எண்ண முடிந்தது. அந்த ஒரு படத்தைப் பார்த்ததும் அதைச் சீர்செய்வது என்று முடிவெடுத்தேன்.

அந்த இயந்திரத்தின் குறைகள் இவை. தொடங்கும்போது கரகரவென்று சத்தம். விளக்கும் கண்ணாடிகளும் உணரியும் சேர்ந்து நகரும் ஒளித்தொகுதி பாதி வழியில் சிக்கி நின்றுவிடும். விளக்கு எரிய முயலும் கணத்தில் கணினியிலிருந்து தொடர்பு அறுந்துபோகும். கிடைக்கும் படத்தில் மங்கலான மஞ்சள் திரை, கூடவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிர் கோடு. தயாரித்த நிறுவனம் இன்றைய விண்டோஸுக்கு டிரைவர் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

டிரைவர் சிக்கல்தான் எல்லாவற்றிலும் எளிதாகத் தீர்ந்தது. லினக்ஸில் ஸேன் என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு உற்பத்தியாளர்கள் கைவிட்ட ஏராளமான ஸ்கேனர்களை இன்றும் இயக்குகிறது. இந்த மாடலும் அதன் பட்டியலில் இருந்தது. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி இணைத்ததும் ஸ்கேனர் அடையாளம் காணப்பட்டது. யாரோ முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து எழுதிப் பொதுவில் வைத்த நிரல், குப்பைக்குப் போகவேண்டிய கருவியை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருகிறது. அவர்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து மின்சாரம். தொடர்பு அறுவது விளக்கு பற்றும் கணத்தில்தான் என்பதால் சந்தேகம் அடாப்டர் மேல் விழுந்தது. வெறுமனே அளந்தால் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியது. அது போதாது; சுமை ஏறும்போது அளக்க வேண்டும். ஸ்கேனரை இணைத்தபடியே அளந்தபோது, விளக்கு பற்றும் நொடியில் எண் சடாரென்று கீழே இறங்கி, ஸ்கேனரின் மின்சுற்றுப் பலகை மறுதொடக்கம் ஆனது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த அடாப்டருக்குள் மின்தேக்கிகள் காய்ந்துபோவது வழக்கம். அதே 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் அடாப்டர் ஒன்று வாங்கினேன். இங்கே வோல்ட் மாறக்கூடாது. ஆம்பியர் தேவையைவிட அதிகமாக இருக்கலாம். முனையின் நடுக்குச்சி நேர்முனையா எதிர்முனையா என்பதைப் பழைய அடாப்டரின் மேல் உள்ள படத்தோடு ஒப்பிட்ட பிறகே செருக வேண்டும். மாற்றியதும் தொடர்பு அறுவது நின்றது.

இயந்திரப் பகுதிக்கு உடலைத் திறக்க வேண்டியிருந்தது. திறப்பதற்கு முன் மின்கம்பியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். இத்தகைய பழைய ஸ்கேனர்களில் இருப்பது குளிர்முனை ஒளிர்குழல். அதைப் பற்றவைக்கும் சிறு பலகை நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டாக்கும். குழலுக்குள் பாதரசமும் உண்டு. உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உடைந்தால் வீட்டுக் குப்பையில் போடக்கூடாது.

திருகுகள் சில ரப்பர்ப் பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. மேல்சட்டம் கண்ணாடியோடு சேர்ந்து எழும்பியது. உள்ளே பார்த்ததும் கரகரப்பின் காரணம் தெரிந்தது. ஒளித்தொகுதி வழுக்கிச் செல்லும் எஃகுத் தண்டின் மேல் போட்டிருந்த கிரீஸ் காலப்போக்கில் இறுகி, பழுப்பு மெழுகாகிக் கிடந்தது. மோட்டார் இழுக்கிறது, ஒளித்தொகுதி நகர மறுக்கிறது, பல்பெட்டி பல் தாண்டிச் சத்தம் போடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பழையதை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு, லித்தியம் கிரீஸை விரல் நுனியால் மிக மெல்லிய படலமாகத் தடவினேன். அதிகம் தடவினால் தூசியைப் பிடித்துக்கொள்ளும், விளக்கின் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியிலும் படியும். பெல்ட் நல்ல நிலையில் இருந்தது. அதை இழுத்துப்பிடிக்கும் ஸ்பிரிங் தன் கொக்கியிலிருந்து கழன்றிருந்ததால் மீண்டும் மாட்டினேன். தட்டை நாடாக் கம்பியின் இரு முனைகளையும் எடுத்து, துடைத்து, திரும்பச் செருகினேன்.

மஞ்சள் திரைக்குக் காரணம் கண்ணாடியின் உட்புறம். பிளாஸ்டிக் பாகங்களிலிருந்தும் கிரீஸிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் வெளியேறும் ஆவி அங்கே மெல்லிய படலமாகப் படிகிறது. நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பனி படர்ந்தது போலத் தெரியும். ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். ஆனால் ஒளித்தொகுதிக்குள் இருக்கும் கண்ணாடிகள் மேல் துணி படவே கூடாது. நம் வீட்டு முகக்கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்புறம் இருக்கும், இவற்றில் முன்புறமே இருக்கிறது. ஒரு தேய்ப்பு போதும், நிரந்தரக் கீறல் விழுந்துவிடும். கேமராக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் ஊதியால் காற்று அடித்ததோடு விட்டேன். வில்லையின் இடத்தை ஆலையிலேயே பசை வைத்து உறுதிசெய்திருப்பார்கள். அதைத் தொடுபவர் கையில் மீண்டும் அதே கூர்மை கிடைப்பது அரிது.

வெளிர் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். நன்றாக இருக்கும் பல ஸ்கேனர்கள் இந்த ஒரு குறைக்காகவே ஒதுக்கப்படுகின்றன. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன் ஒளித்தொகுதி கண்ணாடியின் தொடக்க விளிம்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையைப் படிக்கிறது. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் அந்த வெள்ளையை எவ்வளவாகக் காண்கிறது என்று பார்த்து, குறைவாகக் காணும் புள்ளிக்கு அதற்கேற்பத் திறனைக் கூட்டிக்கொள்கிறது. பட்டையின் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால், அதற்கு நேரான புள்ளி உண்மையில் நலமாக இருந்தும் மங்கியதாக எண்ணப்பட்டு, தேவைக்கு மேல் ஏற்றப்படும். விளைவு, பக்கம் முழுக்க ஒரு வெளிர் கோடு. படத்தில் கோடு எங்கிருக்கிறதோ அதற்கு நேரே பட்டையில் தேடினால் குற்றவாளி கிடைத்துவிடும். எனக்கு அங்கே கிடைத்தது ஒரு சிறு பூச்சியின் இறகு. தாள் இழுக்கும் ஸ்கேனர்களில் கதை தலைகீழ்: அங்கே உணரி நிற்கிறது, தாள் நகர்கிறது, ஆகவே குறுகிய கண்ணாடிப் பிளவின் மேல் ஒட்டிய ஒரு பசைத்துளி ஒவ்வொரு தாளிலும் நீண்ட கறுப்புக் கோடாக வரும்.

எல்லாவற்றையும் பூட்டி இயக்கியபோது ஓசை சீராக இருந்தது, படம் வெண்மையாக வந்தது. ஒளிர்குழல் முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் எடுக்கும் பக்கங்களின் நிறம் ஒன்றுக்கொன்று மாறும். ஆகவே விளக்கைச் சூடேறவிட்டே தொடங்குகிறேன்.

தொகுதியை வைக்கும் முறையை அமைக்கக் கொஞ்சம் சிந்தனை தேவைப்பட்டது. விரித்த இரு பக்கமும் ஏ4 கண்ணாடியில் அடங்காது. ஒரு பக்கத்தைக் கண்ணாடியில் கிடத்தி, மறுபாதியைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, அதே உயரத்துக்கு அடுக்கிய பலகையால் தாங்குகிறேன். நடுமடிப்பு, ஒளித்தொகுதி நகரும் திசைக்கு இணையாகக் கண்ணாடியின் நீள விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். குறுக்காக வைத்தால் ஒரே பக்கமிருந்து வரும் வெளிச்சம் பள்ளத்தில் நிழல் விழச் செய்கிறது. விளிம்புச் சட்டத்தால் தாள் மேலெழும் அந்தச் சிறு இடைவெளியில்தான் சிசிடியின் ஆழம் கைகொடுக்கிறது. கையால் அழுத்தாமலேயே கடைசி எழுத்துவரை படிக்க முடிகிறது. பள்ளத்தை நோக்கிப் பக்கம் சற்று இருண்டு வருவதை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம், கலங்கிய எழுத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூடி திறந்தே இருப்பதால் மேலே ஒரு கறுப்புத் துணி. மறுபக்க அச்சு ஊடுருவித் தெரியாமலிருக்க, ஸ்கேன் செய்யும் தாளுக்குப் பின்னால் கறுப்பு சார்ட் தாள் ஒன்றைச் செருகுகிறேன். வெள்ளைத் தாளைச் செருகினால் ஊடுருவல் இன்னும் துலங்கும்.

ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் முழுவதும் எடுத்துவிட்டு, தொகுதியைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களை எடுப்பது இந்த முறைக்கு வசதி. இவை தலைகீழாக வரும். கோப்புப் பெயர்களில் எண்களை அதற்கேற்ப இட்டால் பிறகு தானாக ஒழுங்காகிவிடும்.

எத்தனை டிபிஐ என்பதற்கு என் அனுபவ விடை இது. ரசல் கிர்ஷ் 1957-இல் அமெரிக்காவில் கணினிக்குள் முதன்முதலாக ஸ்கேன் செய்து ஏற்றிய படம், அவருடைய கைக்குழந்தையின் முகம், 176-க்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்று ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐயில் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் தருகிறது. ஆங்கில அச்சுக்கு அது தாராளம். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட பழைய தமிழ்ப் பக்கங்களில், பொடி எழுத்தின் புள்ளி ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும். ண, ன சுழிகள் மையில் அடைத்திருக்கும். அங்கே சாம்பல் நிற அளவில் 400 வைத்தால் புள்ளிகள் தப்புகின்றன. ஓவியப் பக்கங்களுக்கு 600, வண்ணத்தில். சுருக்கிச் சேமிக்காத கோப்பு ஒவ்வொன்றும் 100 மெகாபைட்டைத் தாண்டுகிறது, ஆனாலும் தேவை இருக்கிறது. புகைப்படங்களையும் நிழல்கொண்ட ஓவியங்களையும் அக்காலத்தில் நுண்புள்ளி வலையாக அச்சிட்டார்கள். குறைந்த டிபிஐயில் அந்த வலையும் ஸ்கேனரின் வலையும் மோதிப் பட்டுப்புடவை நெளிவு போன்ற கோலங்கள் உண்டாகின்றன. 600-இல் எடுத்து, மென்மையாகக் கலக்கி, பிறகு பாதி அளவுக்குச் சுருக்கினால் கோலம் மறைகிறது. தூரிகைக் கோடுகளால் மட்டும் ஆன ஓவியங்களுக்கு இது வேண்டாம், கலக்கினால் கோட்டின் உயிர் போய்விடும்.

அலமாரியில் தொகுதிகளோடு வேறு சிலவும் இருந்தன. பிற்காலத்துக் கடிதங்களும் ரசீதுகளும் திடமான தாளில் இருந்ததால், ஊசிகளைக் கழற்றிவிட்டுத் தாள் இழுக்கும் ஸ்கேனரில் கொடுத்தேன். இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் முடிந்தன. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களுக்கு, மூடியில் ஒளிவிளக்கு உள்ள ஸ்கேனரை நண்பரிடம் இரவல் வாங்கினேன். வண்ண நெகட்டிவ்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டு நீக்கும் வசதி அதில் உண்டு. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித்துகளால் ஆனது. அது அகச்சிவப்பையும் மறைப்பதால் அந்த வசதியை அணைத்துவிட்டு, கையால்தான் தூசி நீக்க வேண்டும்.

எடுத்த பக்கங்களை ஸ்கேன்டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருளில் நேராக்கி, ஓரம் வெட்டி, வெளிச்சத்தைச் சமன்செய்கிறேன். படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் எழுத்துணரிக்கு டெசராக்ட். எச்பி ஆய்வகத்தில் 1980களில் தொடங்கி 2005-இல் பொதுவில் வெளியிடப்பட்ட இதற்குத் தமிழ் மாதிரியும் உண்டு. நல்ல அச்சுள்ள, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய பக்கங்களில் நிறைவாகவே படிக்கிறது. அதற்கு முந்தையவற்றில் தடுமாறுகிறது. லை, ளை, னை, ணை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த ஒற்றை வடிவாகவும் அச்சானவை. இன்றைய எழுத்துருக்களில் பயின்ற மாதிரிக்கு அந்த வடிவங்கள் அறிமுகமில்லை. வேறொரு எழுத்தாகப் படித்துவிடுகிறது, அல்லது விட்டுவிடுகிறது. அந்தத் தவறுகள் பெரும்பாலும் ஒரே விதமாக நிகழ்வதால், அடிக்கடி வருபவற்றைப் பட்டியலிட்டுத் தேடி மாற்றும் சிறு நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். பிறகும் கண்ணால் ஒப்பிடாமல் எதையும் முடிந்ததாகக் கொள்வதில்லை. இதே காரணத்தால் படத்தை ஒருபோதும் தூக்கிப்போடுவதில்லை. உரை தேடுவதற்கு, படம் நம்புவதற்கு.

பிடிஎஃப் ஆக்கும்போது ஓர் எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைப் பக்கங்களைச் சுருக்கும் ஜேபிக்2 முறையில் இழப்புள்ள வகை ஒன்று உண்டு. ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை அது ஒரே உருவமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடமெல்லாம் அதையே ஒட்டும். 2013-இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், செராக்ஸ் இயந்திரங்கள் சில இப்படி 6-ஐ 8 ஆக மாற்றி ஸ்கேன் செய்ததை வெளிக்கொண்டுவந்தார். எண்ணுக்கே அந்த நிலை என்றால், ஒரு சுழி வித்தியாசத்தில் பிரியும் தமிழ் எழுத்துகளை இம்முறையிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. மூலக்கோப்புகள் டிஃப் என்ற பட வடிவில் இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று என் வீட்டில், மற்றொன்று அத்தை வீட்டில். உறவினர்களுக்குப் போவது இழப்பில்லாமல் சுருக்கிய பிடிஎஃப்.

செங்கோணம் அளவுக்குக்கூடத் திறக்காத, முதுகு இறுகிப்போன சில தொகுதிகள் மட்டும் மீதம் இருக்கின்றன. அவற்றைக் கவிழ்த்து வைக்கவே கூடாது. இரண்டு பலகைகளை விரிகோணத்தில் சேர்த்த தொட்டில், மேலிருந்து இரு கேமராக்கள், தாளை மெல்ல அணைக்கும் கண்ணாடி என்ற அமைப்பே அதற்குப் பொருத்தம். டேனியல் ரீட்ஸ் 2009-இல் தன் வீட்டுத் தயாரிப்பு முறையை இணையத்தில் வெளியிட்ட பிறகு பலரும் அதைப் பின்பற்றிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொகுதிகளுக்கு வழக்கமான விரிகோணமும் அதிகம் என்பதால், பலகைகளைக் கீல் வைத்துக் கூர்கோணத்துக்கும் மடிக்க முடிகிற மாதிரி அறுத்து வைத்திருக்கிறேன். இரு பக்கமும் சாய்வாக விழும்படி எல்ஈடி பட்டைகளைப் பொருத்துவதுதான் அடுத்த வேலை.